சிவந்த பற்களின் தீவில் ஒரு புற்றுநோய்க் கணக்கு

1920களில் ஹான்ஸ் ஹோர்ன்போஸ்டல் என்பவர் பசிபிக் கடலின் குவாம் தீவிலும் அதற்கு வடக்கேயுள்ள மரியானா தீவுகளிலும் பழங்காலப் புதைகுழிகளைத் தோண்டினார். கிடைத்த எலும்புகளும் கல் கருவிகளும் கப்பலேறி ஹவாயின் ஹொனலூலு நகரில் இருக்கும் பிஷப் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மரியானா தீவுகளின் பழைய எலும்புக்கூடுகளில் ஆய்வாளர்களின் கண்ணில் முதலில் படுவது பற்கள்தான். பல பற்களில் செங்கறை ஏறியிருக்கிறது. அது பாக்குக் கறை. 1521இல் மெகல்லனின் கப்பல்கள் அத்தீவுகளை எட்டுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்தவர்கள் பாக்கு மென்றிருக்கிறார்கள். நம் ஊர்த் திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அந்தப் பற்களைக் காட்டினால், யாரும் விளக்காமலே புரிந்துகொள்வார்.

அதே குவாமுக்கும் அதே ஹொனலூலுவுக்கும் இடையே 2003இல் வேறொரு தொடர்பு உருவானது. குவாம் பல்கலைக்கழகமும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மையமும் சேர்ந்து ஆய்வு செய்ய ஒப்பந்தம் கண்டன. பணம் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து வந்தது. சிறுபான்மை மக்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களைப் பெரிய புற்றுநோய் மையங்களோடு இணைக்க அந்த நிறுவனம் 2001இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அமைந்த கூட்டு இது. இருபது ஆண்டுகளைக் கடந்தும் தொடர்ந்த இந்தக் கூட்டை மதிப்பிட, எத்தனை ஆய்வுத்தாள்கள் வந்தன என்ற எண்ணிக்கை போதாது. தீவிலிருந்து பொருளும் தகவலும் வெளியே போவது மட்டும்தான் நடந்ததா, அல்லது கேள்வி கேட்கும் உரிமையும் திறனும் தீவுக்கு வந்தனவா என்றே பார்க்க வேண்டும்.

இரு தரப்பும் சம பலம் கொண்டவை அல்ல. குவாம் பல்கலைக்கழகம் 1952இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் இரண்டாண்டுக் கல்லூரியாகப் பிறந்தது. 1968இல் பல்கலைக்கழகம் ஆனது. மங்கிலாவ் என்ற ஊரில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. தீவின் மொத்த மக்கள்தொகையே 2020 கணக்கெடுப்பின்படி 1,53,836. நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி அளவு. ஹவாய்ப் பல்கலைக்கழகமோ 1907இல் தொடங்கியது. அதன் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1970களின் தொடக்கத்தில் உருவாகி, 1996இல் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகங்கள்தான் என்றாலும், ஒன்று பெரும்பாலும் கற்பிக்கும் இடம், மற்றொன்று உலகம் அறிந்த ஆய்வகம்.

இரண்டுக்கும் இடையே சுமார் 6,100 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. நடுவில் பன்னாட்டுத் தேதிக்கோடு வேறு. குவாமின் கடிகாரம் ஹவாயைவிட 20 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஹொனலூலுவில் திங்கள் நண்பகல் என்றால் மங்கிலாவில் செவ்வாய் காலை 8 மணி. ஹொனலூலுவில் வெள்ளி நண்பகலில் தொலைபேசியை எடுத்தால், அங்கே சனிக்கிழமை விடுமுறை. வாரத்தில் நான்கு பிற்பகல்கள்தான் இருவரும் ஒரே நேரத்தில் மேசையில் இருக்க முடியும். கூட்டு ஆய்வு என்றால் முதலில் இந்த நான்கு பிற்பகல்களைச் சரியாகப் பயன்படுத்துவதுதான்.

எண்ணிக்கையில் மிகச் சிறிய மக்களுக்காக இவ்வளவு பாடு ஏன் என்று கேட்கலாம். பதில், அமெரிக்க அரசின் படிவங்களில் இருக்கிறது. 1977இல் வந்த விதிப்படி ஆசியர்களும் பசிபிக் தீவினரும் ஒரே கட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். சீனர், ஜப்பானியர், இந்தியர், சமோவர், ஹவாய்ப் பூர்வகுடியினர், குவாமின் சமோரோ மக்கள் எல்லாரும் ஒரே எண்ணாக ஆனார்கள். பல லட்சம் பேரின் சராசரியில் ஒன்றரை லட்சம் பேரின் நோய் கரைந்து காணாமல் போனது. பசிபிக் தீவினருக்குத் தனிக் கட்டம் ஒதுக்க 1997 வரை ஆனது. அதற்குள்ளும் சமோரோ வேறு, சூக் தீவுக்காரர் வேறு, பலாவ்காரர் வேறு. இவர்களின் உணவு ஒன்றல்ல, பழக்கம் ஒன்றல்ல, வரும் புற்றும் ஒன்றல்ல.

பிரித்துப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதை ஹவாய் மையம் ஏற்கனவே காட்டியிருந்தது. அம்மையத்தின் லாரன்ஸ் கோலனெலும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹெண்டர்சனும் 1993 முதல் 1996 வரை ஹவாயிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் 2,15,000க்கும் மேற்பட்டவர்களை ஒரு நீண்டகால ஆய்வில் சேர்த்தார்கள். ஜப்பானிய அமெரிக்கர், ஹவாய்ப் பூர்வகுடியினர், ஆப்பிரிக்க அமெரிக்கர், லத்தீன் வழியினர், வெள்ளையர் என ஐந்து இனத்தார் அதில் இருந்தார்கள். 2006இல் வெளியான அதன் ஒரு முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஒரே அளவு சிகரெட் பிடித்தாலும், ஹவாய்ப் பூர்வகுடியினருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கருக்கும் நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு மற்ற மூவரைவிடக் கூடுதலாக இருந்தது. எல்லாரையும் ஒரே பைக்குள் போட்டிருந்தால் இந்த வேறுபாடு வெளிவந்தே இருக்காது. ஆனால் அந்தப் பெரிய ஆய்விலும் குவாம் மக்களுக்கென்று தனி இடம் இல்லை.

குவாமுக்கு ஆராய்ச்சியாளர்கள் புதியவர்கள் அல்லர். தீவின் தெற்கே உமாட்டக் போன்ற கிராமங்களில் கைகால்களை முடக்கி, நினைவையும் பறிக்கும் ஒரு நரம்பு நோய் இருந்தது. மக்கள் அதை லித்திகோ-போடிக் என்றார்கள். 1950களில் லியோனார்ட் கர்லண்ட் முதலிய மருத்துவர்கள் கணக்கிட்டபோது, தசையை வாட்டும் நரம்பு நோய் மற்ற நாடுகளைவிட 50 முதல் 100 மடங்கு அங்கே காணப்பட்டது. அமெரிக்க அரசு அங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது. சைகஸ் மரக் கொட்டையின் நஞ்சா, தண்ணீரில் உள்ள தாதுவா, மரபணுவா என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். நோய் மெல்லக் குறைந்தது. காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. குவாம் மருத்துவ நூல்களில் புகழ்பெற்றது; குவாம்காரர்களுள் ஆராய்ச்சியாளராக வளர்ந்தவர்கள் வெகு சிலரே. நோயாளியாக மட்டுமே அறிவியலுக்குள் நுழைய முடிந்த ஒரு சமூகத்தின் மனத்தில் என்ன தங்கியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

பக்கத்துத் தீவுகளின் நினைவு இன்னும் கசப்பானது. 1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளின் பிக்கினித் திட்டில் அமெரிக்கா வெடித்த 15 மெகாடன் குண்டின் சாம்பல் ரொங்கெலாப் மக்கள் மேல் விழுந்தது. அவர்களுக்கு மருத்துவம் பார்த்த அதே நேரத்தில் அவர்களை ஆய்வுப் பொருளாகவும் வைத்திருந்தார்கள். பின்னாட்களில் அங்கே தைராய்டு கட்டிகள் பெருகின. மார்ஷல் தீவுகளில் பணியாற்றி, பிறகு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் குடும்ப மருத்துவப் பேராசிரியரான நீல் பாலஃபாக்ஸ் போன்றவர்கள் பசிபிக் முழுமைக்குமான புற்றுநோய்த் திட்டங்களை வகுக்க முன்வந்தபோது இந்த வரலாற்றை நன்கு அறிந்தே வந்தார்கள். புதிய ஆய்வுக்கு இசைவுக் கையெழுத்து வாங்கப் போகும் ஒவ்வொருவரும் இந்தப் பழைய கணக்கையும் சுமந்துதான் வீட்டுப் படியேற வேண்டியிருக்கிறது.

அதனால்தான் கூட்டின் முதல் பெரிய வேலை எண்ணுவதாக அமைந்தது நல்லதாயிற்று. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்று வந்தது என்று ஒழுங்காகப் பதியாமல் எந்த ஆய்வும் கால் ஊன்ற முடியாது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் மக்கள்தொகை சார்ந்த பதிவேடு 1981இல் தொடங்கிய பிறகுதான் தமிழ்நாட்டிலும் பல ஊகங்கள் எண்களாயின. குவாமின் புற்றுநோய்ப் பதிவேடு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நடக்கிறது. தீவின் தொற்றுநோயியல் வல்லுநராக நெடுங்காலம் உழைத்த ராபர்ட் ஹேடக் அதற்கு உயிர் கொடுத்தவர்களுள் முக்கியமானவர். 2007இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் உதவியோடு பசிபிக் வட்டார மையப் பதிவேடும் அதே பல்கலைக்கழகத்தில் அமைந்தது. பலாவ், மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியக் கூட்டாட்சி, வட மரியானா, அமெரிக்க சமோவா என்று கடலெங்கும் சிதறிக் கிடக்கும் தீவுகளின் புற்றுநோய்த் தகவல் இப்போது குவாமுக்கு வருகிறது. ஒரு காலத்தில் எலும்புகளை வெளியே அனுப்பிய தீவு இன்று அண்டைத் தீவுகளின் கணக்கை வைத்துக் காக்கிறது. இந்தக் கூட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். இதுவே அடித்தளம் என்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

சிறிய எண்களோடு வேலை செய்வது பொறுமை கேட்கும் காரியம். தீவு முழுக்க ஆண்டுக்குச் சில நூறு பேருக்கே புற்று கண்டறியப்படுகிறது. அதில் வாய்ப்புற்று, அதிலும் ஒரு குறிப்பிட்ட இனத்தார் என்று பிரித்துக்கொண்டே போனால் விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிஞ்சும். ஓராண்டு இரண்டு பேர் கூடினால் விகிதம் துள்ளிக் குதிக்கும். அடுத்த ஆண்டு விழும். ஐந்தாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதேனும் சொல்ல முடியும்.

இனி பாக்குக்கு வருவோம். கூட்டு ஆய்வின் செழுமையான பகுதி இதுதான்; தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானதும் இதுதான். சமோரோ மொழியில் பாக்கு புகுவா, வெற்றிலை புபுலு, சுண்ணாம்பு ஆஃபோக். விருந்தினருக்கு முதலில் நீட்டுவது பாக்கு. இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் மெல்லுவதும் பாக்கு. தாவரவியலில் அதன் பெயர் அரிக்கா கேட்டச்சு. அடைக்காய் என்ற நம் சொல்தான் மலபார்க் கரை வழியே போர்ச்சுகீசியர் வாயில் உருண்டு, அரிக்காவாகி ஐரோப்பா போனது. வெற்றிலைக் கொடியின் அறிவியல் பெயரான பைப்பர் பீட்டில் என்பதற்குள் ஒளிந்திருப்பதும் வெற்றிலையே. பாக்கில் உள்ள முக்கியமான காரப் பொருளுக்கு அரிக்கோலின் என்று பெயரிட்டபோது வேதியியலுக்குள்ளும் அடைக்காய் புகுந்துவிட்டது.

நோயும் கூடவே அடையாளம் காணப்பட்டது. திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி ஓர் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை 1933இல் லான்செட் இதழில் வந்தது. பழைய திருவிதாங்கூரின் தென்பகுதிதான் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 1952இல் ஸ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேருக்கு வாயின் உட்சதை இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போனதைப் பதிவு செய்தார். சோற்றை உருட்டி வாயில் வைக்கக்கூட இடம் இல்லாமல் செய்யும் இந்த நோய் பின்னாளில் புற்றாக மாறுவதுண்டு.

இருந்தாலும் குற்றவாளி யார் என்பதில் நீண்ட காலம் தெளிவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலையைத்தான் புற்றுநோய்க் காரணி என்றது. புகையிலை இல்லாத பாக்கின் மேல் தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டது. அந்த முகமையின் வல்லுநர் குழு மறுபடி கூடியது 2003இல். குவாம்–ஹவாய்க் கூட்டு தொடங்கிய அதே ஆண்டு. வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அது முடிவு செய்தது. புகையிலை மட்டும்தான் கெடுதல், பாக்கு செரிமானத்துக்கு நல்லது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே மாறிவிட்ட அறிவியலைக் கவனிக்கவில்லை.

குவாமில் எல்லாரும் ஒரே மாதிரி மெல்லுவதில்லை என்பதை வெளியிலிருந்து வருபவர் எளிதில் கண்டுகொள்ள மாட்டார். குவாம் பல்கலைக்கழகத்தின் இவெட் பவுலினோவும் உடன் உழைத்தவர்களும் மெல்லுகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். பெரும்பாலும் சமோரோக்களான முதல் வகையினர் முற்றிய சிவந்த பாக்கைத் தனியாக மென்று சாற்றை விழுங்குகிறார்கள். மற்ற மைக்ரோனேசியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகம் உள்ள இரண்டாம் வகையினர் வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்து மென்று துப்புகிறார்கள். சிகரெட்டைப் பிய்த்து அதன் தூளைப் பாக்குக்குள் வைப்பதும் உண்டு. வயதில் இளையவர்கள் இந்த இரண்டாம் வகையில்தான் கூடுதல்.

இந்தப் பிரிவினை சிறு விஷயம்போலத் தோன்றும். விழுங்குகிறவரின் தொண்டைக்கும் வயிற்றுக்கும் போவது ஒன்று, துப்புகிறவரின் கன்னத்தில் தங்குவது வேறொன்று. சுண்ணாம்பு சேரும்போது வாயின் வேதியியலே மாறுகிறது. திசுவை அரிக்கும் ஆக்சிஜன் துணுக்குகள் கூடுகின்றன. "பாக்குப் போடுவீர்களா?" என்று ஒற்றைக் கேள்வி கேட்டுவிட்டு ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டு போனால் இவை எதுவும் பிடிபடாது. வீட்டு முற்றத்தில் பாக்கு உரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் அடுத்தடுத்த கேள்விகளைக் கேட்கத் தோன்றும். கூட்டின் பயன் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அங்கிருந்து அடுத்த படி, விட விரும்புகிறவருக்கு உதவுவது. சிகரெட்டை விட உதவும் முறைகள் பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்டவை. பாக்கை விட எப்படி உதவுவது என்பதற்கு முறையாகச் சோதித்த வழி அப்போது அரிதாகவே இருந்தது. சுமார் 60 கோடிப் பேர் பாக்கு மெல்லுகிறார்கள் என்று மதிப்பிடப்படும் உலகில் இது வியப்பான குறை. ஹவாயின் தாடியஸ் ஹெர்சோக்கும் குவாமின் பவுலினோவும் சேர்ந்து குவாமிலும் சைப்பன் தீவிலும் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். பங்கேற்பவர்கள் சீட்டுக் குலுக்கியதுபோல இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குக் கையேடு. மற்ற குழுவுக்குக் கையேட்டோடு பயிற்சி பெற்றவர்கள் நேரில் நடத்தும் அமர்வுகள். எப்போது மெல்லத் தோன்றுகிறது, யாரோடு இருக்கும்போது, நீட்டப்படும் பாக்கை மனம் கோணாமல் எப்படி மறுப்பது என்றெல்லாம் பேச வேண்டியிருந்தது. மறுப்பது அவமதிப்பாகக் கொள்ளப்படும் ஊரில் இது மருத்துவத்தைவிடக் கடினமான பாடம்.

விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது அல்லவா? ஹவாய் மையத்தின் ஏட்ரியன் ஃப்ராங்கே, எச்சிலில் அரிக்கோலின் முதலிய பாக்குப் பொருள்களை அளக்கும் முறையை உருவாக்கினார். அளவிடும் கருவி ஹொனலூலுவில். எச்சில் கொடுக்கிறவர் குவாமில். கேள்வித்தாளை அவர் மொழியில் விளங்க வைப்பவரும் குவாமில். வேலை இப்படித்தான் பங்கிடப்பட்டது. ஆள்களைத் திரட்டி நம்பிக்கை பெறும் உழைப்பு எளிதில் கண்ணில் படுவதில்லை. கருவியின் பெயர் கட்டுரையில் அச்சாகும் அளவுக்கு அந்த உழைப்பு அச்சாவதில்லை என்பது எல்லாக் கூட்டு ஆய்வுகளிலும் உள்ள நியாயக்குறை.

மார்பகப் புற்று ஆய்வையும் குறிப்பிட வேண்டும். ஒரு பெண்ணுக்கு அந்நோய் வரும் வாய்ப்பைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கெய்ல் கணிப்புமுறை 1989இல் வெள்ளைப் பெண்களின் தகவலை வைத்து உருவானது. பிறகு மற்ற இனங்களுக்கும் விரிவாக்கினார்கள். சமோரோப் பெண்களுக்கென்று தனிக் கணக்கு அதில் ஏறவில்லை. குவாமின் ரேச்சல் லியோன் குரேரோவும் ஹவாயின் ரேச்சல் நொவோட்னியும் குவாமிலும் சைப்பனிலும் நோயுற்ற பெண்களையும் நோயற்ற பெண்களையும் ஒப்பிட்டு, உணவு, உடல் அளவு, பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் குறித்து அந்த இடைவெளியை நிரப்ப முனைந்தார்கள்.

இதே வகைக் கூட்டுகள் அமெரிக்காவில் வேறு இடங்களிலும் உண்டு. நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்தோடும், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் டேனா-ஃபார்பர்–ஹார்வர்டு மையத்தோடும், புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகம் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தோடும் கைகோத்தன. எல்லாவற்றிலும் ஒரே இழுபறி உண்டு. பெரிய மையத்துக்குப் பலவகை மக்கள் அடங்கிய ஆய்வுக் களம் வேண்டும். சிறிய பல்கலைக்கழகத்துக்குத் தன் மாணவரை ஆய்வாளராக்க வேண்டும். முதல் தேவை விரைவில் நிறைவேறும். இரண்டாவது நிறைவேற ஒரு தலைமுறை பிடிக்கும். நல்கையோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கத் தீவைவிட்டுப் போன மாணவி திரும்பி வந்து வேலையில் அமர்வதற்குள் ஒரு நல்கைக் காலம் முடிந்துவிடும். கூட்டு இருபது ஆண்டுகள் நீடித்ததால்தான் பவுலினோ, லியோன் குரேரோ போன்ற பெயர்கள் ஆய்வுத்தாள்களின் முதல் இடத்துக்கு வர முடிந்தது. ஐந்தாண்டில் நிறுத்தியிருந்தால் பதிவேடும் சில பெட்டிக் கோப்புகளுமே மிஞ்சியிருக்கும்.

ஆய்வு வளர்ந்த வேகத்தில் சிகிச்சை வளரவில்லை என்பதையும் மறைக்க முடியாது. குவாமில் புற்று என்று தெரிந்தவர்களுள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மணிலாவுக்கோ ஹொனலூலுவுக்கோ விமானம் ஏறுகிறார்கள். எச்சிலில் நுண்ணளவு அரிக்கோலினை அளக்க முடிகிற ஒரு கூட்டின் எல்லைக்குள், நோயாளி வீட்டை விட்டு வெகுதூரம் போய்ப் படுக்க வேண்டியிருக்கிறது. சிறிய மக்கள்தொகைக்குப் பெரிய மருத்துவமனை கட்டுவது எளிதல்ல என்பது உண்மை. அதனால்தான் முன்கூட்டியே கண்டறிவது அங்கே பல மடங்கு முக்கியமாகிறது. அதற்கு வழி கேரளத்தில் ஏற்கனவே இருக்கிறது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் நடத்தி 2005இல் லான்செட்டில் வெளியான பெரும் ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு அதனால் 34 விழுக்காடு குறைந்தது. அதற்குத் தேவைப்பட்டது பயிற்சியும் நல்ல வெளிச்சமும்தான்.

2024இல் பன்னாட்டுப் புற்றுநோய் முகமையின் ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 2022இல் உலகில் கண்டறியப்பட்ட 3,89,800 வாய்ப்புற்றுகளில் 1,20,200க்குக் காரணம் மெல்லும் புகையிலையும் பாக்கும். அதில் இந்தியாவின் பங்கு 83,400. இலங்கையின் பங்கு 1,300. பாக்கை விட உதவும் முறை ஒன்று குவாமில் தேறினால், அதன் கையேடு முதலில் மொழிபெயர்க்கப்பட வேண்டிய மொழிகளுள் தமிழும் ஒன்று. பந்தியில் தாம்பாளம் நீட்டப்படும்போது மறுக்கத் தெரியாமல் கை நீள்வது எப்படி இருக்கும் என்று ஒரு சமோரோ மூதாட்டிக்கும் மதுரைப் பாட்டிக்கும் தனித்தனியே விளக்க வேண்டியதில்லை.